மூன்று மாதமா ஆறு மாதமா, குளிசையா ஏற்றுவதா: மலைக் குளிரில் ஒரு கீமோ முடிவு

ஒக்டோபரில் அம்மாவுக்குப் பெருங்குடலில் ஒப்பரேஷன் நடந்தது. கட்டியோடு எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்றுநோய் இருக்கிறது என்று அறிக்கை வந்தது, அதாவது மூன்றாம் நிலை. கிளினிக்கில் டொக்டர் ஒரு தாளில் மூன்று வரி எழுதி, "வீட்டில பேசிட்டு அடுத்த கிழமை வந்து சொல்லுங்க" என்று தந்தார். ஒப்பரேஷன் முடிந்து எட்டுக் கிழமைக்குள் கீமோ தொடங்குவதுதான் நல்லது என்பதால் யோசிக்க நிறைய நாள் இல்லை. நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், மருத்துவம் படித்தவள் இல்லை. அந்த ஒரு கிழமை முழுக்க வாசித்ததும், பிறகு மூன்று மாதம் அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்ததும்தான் இங்கே எழுதுவது. இதே தாளை இப்போது கையில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸிலோ பதுளை பஸ்ஸிலோ யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்காக.

அந்த மூன்று வரி இவை. முதலாவது, கெப்சிட்டாபின் என்ற குளிசை மட்டும், ஆறு மாதம். இரண்டாவது, அதே குளிசையோடு மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவது, இதைக் கேபொக்ஸ் என்பார்கள், மூன்று மாதம். மூன்றாவது ஃபோல்ஃபொக்ஸ்: இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒக்ஸாலிபிளாட்டினும் ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தும், எல்லாமே ஏற்றுவதுதான், ஆறு மாதம், பன்னிரண்டு தடவை. இது ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கான கணக்கு. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால் கதை வேறு, மார்புப் புற்றுநோய்க்கு மருந்துகளே வேறு.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது இரண்டே வகைதான். ஃபைவ் எஃப்யூ 1957இலேயே வந்த பழைய மருந்து. கெப்சிட்டாபின் அதன் குளிசை வடிவம் மாதிரி: வயிற்றுக்குள் போனபிறகு உடம்பே அதைப் படிப்படியாக ஃபைவ் எஃப்யூவாக மாற்றிக்கொள்ளும். ஆக, குளிசையா ஏற்றுவதா என்பது ஒரு கேள்வி, அதோடு ஒக்ஸாலிபிளாட்டின் வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை மாதம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விதான் கனமானது, மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் கனம்.

ஒக்ஸாலிபிளாட்டின் பிளாட்டினம் சேர்ந்த மருந்து. 1976இல் ஜப்பானின் நகோயாவில் கண்டுபிடித்தார்கள். புற்றுக் கலத்தின் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துப் பூட்டிவிடும், பூட்டு விழுந்த கலம் பெருக முடியாமல் சாகும். அதனால் கிடைக்கும் லாபம் எவ்வளவு? மொசைக் என்று ஒரு பெரிய ஆய்வு, இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகள் 2246 பேரை வைத்துச் செய்து 2004இல் வெளிவந்தது. ஃபைவ் எஃப்யூ மட்டும் எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேர். ஒக்ஸாலிபிளாட்டினும் சேர்த்து எடுத்தவர்களில் 78 பேர். இதை அம்மாவிடம் நூறு தீக்குச்சியை மேசையில் பரப்பி வைத்துத்தான் சொன்னேன். ஐந்து குச்சியைத் தனியாகத் தள்ளிக் காட்டியதும், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அந்த அஞ்சுல நான் இருக்கேனான்னு யாருக்குடி தெரியும்" என்றார். யாருக்கும் தெரியாதுதான். ஆனாலும் ஐந்து பேர் என்பது சின்னக் கணக்கு இல்லை, எங்கள் லயத்தில் இரண்டு காம்பராவில் இருக்கிற ஆட்கள் அவ்வளவு.

அப்புறம் அந்த ஐந்துக்குக் கொடுக்கும் விலை. அது குளிரில் இருக்கிறது.

இந்த மருந்து நரம்புக் கலத்துக்குள் சோடியம் போகிற வாசல்களைக் கெடுத்து, நரம்பைத் தேவையில்லாமல் துடிக்க வைக்கிறது. குளிர் பட்டால் அது பல மடங்காகும். மருந்து ஏற்றிய அன்றிலிருந்து சில நாளைக்கு, குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் முள் குத்துகிற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு மூச்சே நின்றுவிடும் போலத் தோன்றும். காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனால் போகவில்லை என்று உணர்வு சொல்லும். இது ஒரு சிலருக்கு மட்டும் வருவதில்லை, எடுக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். எழுதி வைத்த புத்திமதி எல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டாம், பிரிட்ஜில் கை விட வேண்டாம் என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஆனால் டிசம்பர் மாதம், விடிய ஐந்து மணி, பீலியில் விழுகிற தண்ணீர் எந்தப் பிரிட்ஜுக்கும் குறைந்ததில்லை.

முதல் ஏற்றுதலுக்குப் பிறகு வார்டில் எங்களுக்கு வாந்திக்குளிசையைப் பற்றிச் சொன்னார்கள், காய்ச்சலைப் பற்றிச் சொன்னார்கள், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாசித்திருந்தேன், ஆனால் ஐஸ் தண்ணீர் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. மறுநாள் விடிய அம்மா வழக்கம்போலப் பீலிக்குப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்தவர் இரண்டு கையையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், விரல்கள் கோழிக்கால் மாதிரி உள்ளே வளைந்திருந்தன, தாடை இறுகிப் பேச்சு குழறியது. பாரிசவாதம் என்றே நினைத்து ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைக் கம்பளியில் சுற்றி, சுடச்சுடச் சாயத் தேத்தண்ணி கொடுத்ததும் பத்து நிமிடத்தில் தாடை இளகியது. அதற்குப் பிறகுதான் வீட்டின் ஒழுங்கையே மாற்றினோம். குடிக்க, பல் தீட்ட, குழந்தையின் முகம் துடைக்கக்கூடச் சுடுதண்ணீர். பிளாஸ்க் எப்போதும் கட்டிலுக்குப் பக்கத்தில். கதவுத் தாழ்ப்பாள் இரும்பு, அதைத் தொடக் கூடாது என்று அதில் துணி சுற்றினோம். வாயையும் மூக்கையும் மூடி மப்ளர். கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடையாது. கினிகத்தேனை தாண்டி ஏற ஏறக் காற்று மாறுவது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் குளிர்க்கூச்சம் ஒரு வாரத்தில் தணிந்துவிடும், அடுத்த ஏற்றுதலில் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். இதைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது இன்னொன்று: மருந்து சேரச் சேர விரல் நுனியும் பாதமும் நிரந்தரமாக மரத்துப்போவது. இது மொத்த அளவைப் பொறுத்தது. உடம்பின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கணக்குப் பார்த்தால், மூன்று மாதக் கேபொக்ஸில் நாலு தடவை 130 மில்லிகிராம், மொத்தம் 520. ஆறு மாத ஃபோல்ஃபொக்ஸில் பன்னிரண்டு தடவை 85, மொத்தம் 1020. ஏறக்குறைய இரண்டு மடங்கு. பொத்தான் போட முடியாமல், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல், காலடியில் பஞ்சு இருக்கிற மாதிரி நடக்கிற நிலை. இன்னொரு குணமும் உண்டு, மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் இந்த மரப்பு கூடிக்கொண்டே போகலாம். "இன்னும் தாங்குது, இன்னொன்று ஏத்தலாம்" என்று சொல்லும்போது இதை ஞாபகம் வைக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கிறவருக்கு விரல் என்றால் என்ன என்று வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். அம்மா இலையைப் பார்த்துப் பறிப்பதில்லை. பார்வை அடுத்த செடியில் இருக்கும், இரண்டு இலையும் மொட்டும் எது, முற்றின இலை எது என்று விரல் நுனிக்குத்தான் தெரியும். நாள் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். ஓர் ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ விரல் நுனி மரத்தால் தொந்தரவு, அம்மாவுக்கு அது வருமானம்.

இந்த இடத்தில்தான் 2018இல் வெளியான ஐடியா என்ற ஆய்வு எங்களுக்கு வழி காட்டியது. ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான மூன்றாம் நிலை நோயாளிகளில், மூன்று மாதம் போதுமா ஆறு மாதம் வேண்டுமா என்று பார்த்தார்கள். கேபொக்ஸ் எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பாதவர்கள், மூன்று மாதம் எடுத்தவர்களில் 75.9 சதவீதம், ஆறு மாதம் எடுத்தவர்களில் 74.8 சதவீதம். வித்தியாசமே இல்லை எனலாம். ஃபோல்ஃபொக்ஸில் அப்படி இல்லை: மூன்று மாதத்துக்கு 73.6, ஆறு மாதத்துக்கு 76. ஆகவே ஃபோல்ஃபொக்ஸ் எடுப்பதென்றால் பாதியில் நிறுத்தக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், கேபொக்ஸ் என்றால் அந்த யோசனை குறைவு. நரம்புப் பாதிப்பைப் பார்த்தால் பெரிய இடைவெளி. நடுத்தரமாகவோ அதற்கு மேலோ பாதிப்பு வந்தவர்கள், மூன்று மாதக் கேபொக்ஸில் 14 சதவீதம், ஆறு மாதத்தில் 45 சதவீதம். ஃபோல்ஃபொக்ஸில் இதுவே 17, 48.

இதை எல்லோருக்கும் பொது என்று எடுக்க வேண்டாம். குடல் சுவரைத் தாண்டாத அல்லது சற்றே தாண்டிய கட்டி, மூன்று கணுவுக்கு மேல் போகாதது என்றால் மூன்று மாதம் பற்றித் தைரியமாகப் பேசலாம். கட்டி குடலின் வெளிச் சவ்வையும் துளைத்திருந்தாலோ, நாலு அல்லது அதற்கு மேல் கணுக்களில் இருந்தாலோ ஆறு மாதத்தின் பக்கம் சாய்கிற டொக்டர்கள் பலர். அதனால் ஒப்பரேஷனில் எடுத்த கட்டியின் அறிக்கையில் T என்ற எழுத்துக்குப் பக்கத்திலும் (கட்டியின் ஆழம்) N என்ற எழுத்துக்குப் பக்கத்திலும் (கணுக்கள்) என்ன இலக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஒக்ஸாலிபிளாட்டினால் தெளிவான கூடுதல் லாபம் ஆய்வுகளில் தெரியவில்லை. அப்பத்தாவுக்கு என்றால் நான் குளிசையோடு நிறுத்தியிருப்பேன்.

சரி, குளிசை. "குளிசைதானே" என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் எடுப்பதாலேயே இது ஆபத்தானது, ஏனென்றால் ஏதாவது நடந்தால் பார்க்கப் பக்கத்தில் நர்ஸ் இல்லை. அம்மாவுக்குக் காலை மூன்று, இரவு மூன்று, 500 மில்லிகிராம் குளிசை, பதினாலு நாள், பிறகு ஏழு நாள் ஓய்வு. ஒரு சுற்றுக்கு 84 குளிசை. சாப்பிட்டு அரை மணிக்குள் எடுக்க வேண்டும். விடிய வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வெறும் சாயம் குடித்துவிட்டு ஓடிய பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் மாற்ற வேண்டியது இதுதான், ரொட்டி ஒன்றாவது உள்ளே போகாமல் குளிசை இல்லை.

குளிசையின் பெரிய தொல்லை கை கால் தோல். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, உரிந்து, சிலருக்கு வெடித்துப் புண்ணாகும். எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். குளிசை மட்டும் எடுக்கும்போது அளவு இன்னும் கூடுதல் என்பதால் இதுவும் கூடும், அதுவும் ஆறு மாதத்துக்கு. உரசலும் அழுத்தமும் இதைக் கூட்டும். செருப்பில்லாமல் மலை ஏறுவது, கூடைக் கயிறு, கவாத்து அடித்த செடியின் குச்சி, எல்லாமே உரசல்தான். மென்மையான சப்பாத்து, காலை மாலை யூரியா சேர்ந்த கிறீம், கைக்கு நூல் கையுறை. அம்மாவுக்குப் பெருவிரல் தோல் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது. இதில் ஒரு விஷயம் யாரும் சொல்லமாட்டார்கள்: இந்தக் குளிசை சிலருக்குக் கைரேகையையே அழித்துவிடும். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ரேகை பதியாததால் அமெரிக்க விமான நிலையத்தில் மணிக்கணக்காக நிறுத்தப்பட்டதை 2009இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் சேமலாப நிதிக்கும் வங்கிக்கும் கைநாட்டு வைக்கிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். கீமோ தொடங்குவதற்கு முன்பே அந்தப் பத்திர வேலைகளை முடித்துவிடுங்கள், டொக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது வயிற்றோட்டம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், அல்லது இரவில் எழும்பிப் போக வேண்டியிருந்தால், குளிசையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்க வேண்டும். மீதிக் குளிசையை வீணாக்கக் கூடாது என்று முழுங்குவது நம் ஆட்களின் பழக்கம், அதை மட்டும் செய்ய வேண்டாம். நெஞ்சு வலித்தாலும் அப்படியே, இந்த மருந்து இதயத்தின் இரத்தக் குழாயைச் சுருங்க வைக்கக்கூடியது. சிலருக்குப் பிறப்பிலேயே இந்த மருந்தை உடைக்கும் என்சைம் குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் சுற்றிலேயே வாய் முழுக்கப் புண், கடும் வயிற்றோட்டம், வெள்ளை அணு அடியோடு இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஐரோப்பாவில் 2020இலிருந்து தொடங்குமுன் இதைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இங்கே செய்ய முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் முதல் பத்து நாளைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சத்துக் குறைவு என்று கிளினிக்கில் கொடுத்த ஃபோலிக் அசிட் வீட்டில் இருந்தால் கேட்காமல் போட வேண்டாம், அது இந்தக் குளிசையின் நச்சைக் கூட்டும்.

ஃபோல்ஃபொக்ஸில் கை கால் தோலும் வயிற்றோட்டமும் குறைவு, வெள்ளை அணு குறைவது கூடுதல். குளிசை விழுங்க முடியாதவர்களுக்கும், குளிசை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் ஃபைவ் எஃப்யூவை 46 மணி நேரம் விடாமல் ஏற்ற வேண்டும். நெஞ்சுக்குள் அல்லது கையில் நீண்ட குழாய் வைத்து, சின்ன பம்ப்போடு வீட்டுக்கு வரலாம், பம்ப் இல்லாத இடத்தில் இரண்டு இரவு வார்டில் படுக்க வேண்டும். பன்னிரண்டு தடவை. எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிக்கு இன்னொன்று, நல்ல நாளில் நாலு மணி நேரம், மண் சரிந்த நாளில் கணக்கே இல்லை. கேபொக்ஸ் என்றால் நாலே தடவை, இரண்டு மணி நேரம் ஏற்றி அன்றே திரும்பலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லைதான். பஸ், சாப்பாடு, கூடப் போகிறவரின் ஒரு நாள் பேர், இவற்றுக்குக் காசு வேண்டும். டொக்டரின் தாளில் இந்த வரி இல்லை, நாங்கள்தான் எழுதிக்கொண்டோம். இன்னொன்று, கேபொக்ஸைச் சாதாரண கனுலா (கையில் குத்தும் சின்னக் குழாய்) வழியாக ஏற்றும்போது கை கடுமையாக வலிக்கும், சூடான துணியை மேலே வைத்தால் தணியும். நாம் எல்லாவற்றையும் சேலைன் என்கிறோம், ஆனால் ஒக்ஸாலிபிளாட்டினை உப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது, குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலப்பார்கள். அதனால் சீனி வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எதை எடுத்தாலும் ஒன்று பொது: காய்ச்சல் 38 பாகை தொட்டால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிப் படுக்கக் கூடாது, இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரி. வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். முடி? அம்மா முதலில் கேட்டதே அதுதான். இந்த மூன்றிலும் முழுசாகக் கொட்டுவது அரிது, அம்மாவுக்குக் கொண்டை கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவு.

நாங்கள் கேபொக்ஸ் மூன்று மாதம் எடுத்தோம். அம்மாவுக்கு வயது 56, இரண்டு கணு, கட்டி சவ்வைத் துளைக்கவில்லை. மூன்றாவது ஏற்றுதலுக்குப் பிறகு பொத்தான் போட நேரமாகிறது என்று சொன்னதும் டொக்டர் நாலாவதில் அளவைக் குறைத்தார். அப்படிக் குறைக்கலாம் என்பதே நாங்கள் சொன்னதால்தான் நடந்தது. "பரவால்ல சார்" என்று அம்மா சொல்ல வாயெடுத்தபோது, நான் அவர் சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டு, திரும்பப் போடச் சொன்னேன். டொக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பொத்தானுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மரப்புக்கு விற்றமின், கல்சியம் என்று பலர் சொல்வார்கள், கல்சியமும் மக்னீசியமும் ஏற்றிப் பார்த்த ஆய்வில் பலன் இல்லை. வலியோடு கூடிய மரப்புக்கு டுலொக்ஸெட்டின் என்ற குளிசை ஓரளவு உதவும். மற்றபடி அளவைக் குறைப்பதும் நேரத்தில் நிறுத்துவதும்தான் மருந்து.

இப்போது ஜூலை. வலது கையில் இரண்டு விரல் நுனி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கொழுந்துக்குப் போகிறார், ஆனால் செடியைப் பார்த்துப் பறிக்கிறார், அதனால் மெதுவாக. ஸ்கேன் சுத்தமாக வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் சித்திக்கும் இதே நோய், கணு ஐந்து. அவருக்கு மூன்று மாதம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் இல்லை. ஆறு மாதக் கேபொக்ஸ் என்று தொடங்கி, விரல் மரக்கத் தொடங்கினால் ஒக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திக் குளிசையைத் தொடரலாம் என்று டொக்டரோடு பேசி வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை முதல் ஏற்றுதல். அம்மாவின் பிளாஸ்க்கையும் மப்ளரையும் நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியாயிற்று.